மேயரும் கைதியும்

நகரசபை, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களில் அமர்ந்து ஊழியம் புரிய முன்வரும் தேசபக்தர்களைப் பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் வெகுகாலமாக வழங்கி வருகின்றன. சாக்கடையும் தெருவிளக்கும் குடிதண்ணீர்க் குழாயும் அரசியல் வீரனுக்கு ஏற்ற விஷயங்களல்ல என்பது ஒன்று. மேலேயுள்ள அதிகாரத்தோடு போராடிக்கொண்டே அந்த அதிகாரம் அளித்த நாற்காலியில் உட்காருவது நேர்மையாகாது என்பது மற்றொன்று. கம்பம் பள்ளத்தாக்கிலே குச்சனூர் போன்ற ஒரு சிறு பேரூரின் மன்றத்தில் அமர்ந்திருப்பவரும், ஒரு குடிநீர்த் தொட்டி கட்டுவதற்குக்கூட மேலிடத்து உத்தரவை எதிர்நோக்க நேரும்போது, இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றை நினைத்துச் சலிப்படைவது இயற்கையே. இவை எவ்வளவு தூரம் சரி என்று ஆராய விரும்புவோருக்கு, காலஞ்சென்ற தீரர் சத்தியமூர்த்தியின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சியம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது என்பது நம் துணிபு.

சத்தியமூர்த்தி என்றவுடன் அவருடைய நாவன்மையை நினைப்பவர் பலர். காமராஜரின் அரசியல் ஆசான் என்று நினைப்பவர் அதனினும் பலர். சென்னை நகரத்தின் மேயராக அவர் இருந்த ஒரு வருஷத்தை நினைப்பவர் மிகச் சிலரே. ஆனால் அந்த ஒரு வருஷத்தைக் கொண்டே அவருடைய மற்ற வருஷங்களின் பொருளை நன்கு அறியலாம் என்று நாம் கருதுகிறோம்.

அவர் பிறந்தது 1887 ஆகஸ்ட் 19ஆம் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில். பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டசபைகளில் அவ்வாட்சியை ஓயாது எதிர்த்தவர், பிறப்பினால் பிரிட்டிஷ் இந்தியப் பிரஜையல்லர். தொண்டைமான் அரசரின் குடி. தகப்பனார் சுந்தர சாஸ்திரியார் வக்கீல். சிறு வயதிலேயே அவரை இழந்த பிள்ளை, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தகப்பனார் தொழிலையே மேற்கொண்டார். வி.வி.ஸ்ரீநிவாச ஐயங்கார், எஸ்.ஸ்ரீநிவாச ஐயங்கார் ஆகிய பெரிய வக்கீல்களிடம் தொழில் பழகினார். சமஸ்கிருதத்தில் நல்ல பயிற்சி. ஆங்கிலத்தில் அசாத்தியமான வேகம். தமிழ் மேடையிலோ மணிக்கணக்காகக் கூட்டத்தைக் கட்டிப்போடும் ஆற்றல். இத்தகைய தகுதியோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் நுழைந்த அவர் காலத்தவர் பலர் பங்களாவும் பட்டமும் பெற்று வாழ்ந்தனர். சத்தியமூர்த்திக்கு அவையொன்றும் கிட்டவில்லை. கிட்ட வேண்டுமென்று அவர் முயன்றதாகவும் தெரியவில்லை.

1919இல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதா லண்டனில் பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டியின் முன் ஆலோசிக்கப்பட்டபோது, காங்கிரஸ் தரப்பில் அங்கு சென்ற தூதுக்குழுவில் அவரும் ஒருவர். வயது 32 நிரம்புகின்ற சமயம். திலகர் போன்ற மூத்தோர் அவ்வாண்டு லண்டனில் இருந்தனர். சட்டத்தை இயற்றுகிறவர்கள் எப்படி இயற்றுகிறார்கள், எந்தச் சொல்லை எதற்காக வைக்கிறார்கள், எந்த இடத்தில் ஓட்டை விடுகிறார்கள் என்பதை உலையருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஓர் இளம் வக்கீலுக்குக் கிட்டியது. 1925இலும் அவர் மறுமுறை இங்கிலாந்து சென்றார். ஆங்கிலேயரின் சபை நடைமுறையை அவர்களுக்கே எதிராக உபயோகிக்கும் கலையை இந்தப் பிரயாணங்களில்தான் அவர் வளர்த்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

இந்தக் கலையை உபயோகிக்கச் சபைக்குள் போக வேண்டும். ஆனால் 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் சட்டசபைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லிற்று. பள்ளி, நீதிமன்றம், சட்டசபை மூன்றையும் துறப்பதே தேசபக்தியின் அடையாளம் என்றிருந்த நாளில், சட்டசபைக்குள் நுழைந்து போராட வேண்டும் என்று வாதித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1923 ஜனவரியில் சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்தபோது, தமிழ்நாட்டில் அதன் முன்னணியில் நின்றவர்களில் சத்தியமூர்த்தி முக்கியமானவர். மாறுதல் வேண்டாதார் அணிக்கு ராஜாஜி தலைமை வகித்தார். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் இவ்விருவருக்கும் இடையே பின்னர் எத்தனையோ தடவை தோன்றிய வேற்றுமைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது. இருவருடைய தேசபக்தியிலும் ஐயப்பட இடமில்லை, மனப்போக்குதான் வேறு. ஒருவர் துறவிலே பலம் கண்டார். மற்றவர் வாதத்திலே பலம் கண்டார்.

1923 தேர்தலில் சென்னைச் சட்டசபைக்குள் புகுந்த சத்தியமூர்த்தி, அங்கே ஏழு வருஷ காலம் சர்க்கார் தரப்புக்கு நிம்மதியில்லாமல் செய்தார். 1926இல் சுயராஜ்யக் கட்சியே பெரிய கட்சியாக வந்தும் மந்திரிசபை அமைக்க மறுத்துவிட்டது. பதவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. கொள்கை காரணமாக விலக்கப்பட்டது. சபை மோகம் பிடித்தவர் என்று அவரை ஏளனம் செய்தவர்கள் இதை மறந்து விடுகிறார்கள்.

அந்தச் சட்டசபையில் அவர் செய்த ஒரு காரியம் தமிழ் மக்கள் அனைவரும் நினைவில் வைக்கத் தக்கது. 1928இல் பர்மா சர்க்கார் பாரதியாரின் பாடல் நூல்களுக்குத் தடை விதித்தது. அதைப் பின்பற்றிச் சென்னைப் போலீசார் அந்நூல்களைப் பறிமுதல் செய்தனர். கவியோ 1921லேயே மறைந்து விட்டார். அவர் குடும்பம் வறுமையில் இருந்தது. நீதிமன்றத்தில் வழக்காட வசதியுள்ளவர் யாரும் அங்கில்லை. அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டசபையில் ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்து, எந்தப் பாடல்களைப் போலீசார் மூட்டை கட்டிக்கொண்டு போனார்களோ அவற்றையே சபையில் எடுத்துக் காட்டி வாதித்தார். வெளியே வைத்திருந்தால் பறிமுதல் ஆகும் சொற்கள், சபையினுள் பேசப்பட்டதனால் சர்க்காரின் சொந்த அச்சகத்தில் சபை நடவடிக்கையாக அச்சேறின! சட்டசபையால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு என்ன வேண்டும்?

அவருடைய பெருமையைச் சொல்லும்போது அவருடைய பிழையை மறைப்பது பத்திரிகை தர்மமன்று. அதே சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முயன்றபோது, சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். இருவரும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தவர். இருவரும் மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். வயதிலும் ஓராண்டே வித்தியாசம். ஒருவர் அந்த வழக்கத்தின் கொடுமையைக் கண்டார். மற்றவர் கலையும் மரபும் கெடுமே என்று கவலைப்பட்டார். இசையிலும் நாடகத்திலும் அவருக்கிருந்த அளவற்ற பற்று நாம் அறிந்ததே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் அவர் மேடையேறி நடித்தவர். நாடக நடிகர்களையும் பாடகர்களையும் தேசிய இயக்கத்துக்கு அழைத்து வந்தவர். ஆயினும் கலையின் பேரால் பெண்களின் வாழ்வு அடகு வைக்கப்படுவதை அவர் காணத் தவறினார். முத்துலட்சுமி ரெட்டி கேட்டது 1947இல்தான் சென்னை மாகாணத்தில் முழுச் சட்டமாயிற்று. இவ்விஷயத்தில் வரலாறு தீரர் பக்கம் இல்லை.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. காங்கிரஸ்காரர்கள் சட்டசபைகளைவிட்டு வெளியேறினர். வாதத்தையே ஆயுதமாகக் கொண்டவர் இப்போது என்ன செய்வார் என்று பார்த்திருந்தவர்கள் உண்டு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் கோபுரத்தின்மேல் தேசியக் கொடியை ஏற்ற முயன்றதற்காக அவர் கைதானார். சட்டம் படித்த வக்கீல், சட்டசபை நடைமுறையில் கைதேர்ந்தவர், தெரிந்தே சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனார். அதன் பிறகு அவர் வாழ்க்கை சபைக்கும் சிறைக்கும் இடையே மாறி மாறி நடந்தது. எந்த விதியை உபயோகித்துச் சர்க்காரைக் கேள்வி கேட்கலாம் என்பதை ஒருநாள் ஆராய்வார். எந்த விதியை மீறிச் சிறை செல்வது என்பதை மறுநாள் தீர்மானிப்பார். இதில் முரண்பாடு இருப்பதாக அவர் நினைக்கவில்லை. நாமும் நினைக்கவில்லை. அநியாயமான சட்டத்தை உள்ளேயிருந்து திருத்தப் பார்ப்பதும், முடியாதபோது வெளியே நின்று மீறி அதன் தண்டனையை ஏற்பதும் ஒரே நோக்கத்தின் இரண்டு கைகள்.

1934இல் மத்திய சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் அவர் நின்றார். எதிர்த்து நின்றவர் ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தூண்களில் ஒருவரான சர் ஏ.ராமசாமி முதலியார். அறிவிலும் பேச்சிலும் சத்தியமூர்த்திக்கு இளைத்தவரல்லர் அவர். ஆனாலும் சென்னை வாக்காளர்கள் சிறை சென்றவரையே தேர்ந்தெடுத்தனர். டில்லியில் காங்கிரஸ் கட்சிக்குப் பூலாபாய் தேசாய் தலைவராகவும் சத்தியமூர்த்தி துணைத் தலைவராகவும் பணியாற்றினர். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்குமுன் அடுத்த துணைக் கேள்வி வந்து விழும். கோப்புகளைப் புரட்டிக்கொண்டு திணறிய இலாகா அதிகாரிகளின் நிலைமை இரங்கத் தக்கதே.

1936இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்கு அவர் தலைவரானபோது, விருதுநகர்க் காமராஜர் காரியதரிசியானார். மேடைப் பேச்சில் வெள்ளம்போல் பெருகும் குருவுக்கு, பேச்சையே செலவாகக் கருதிய சீடர் வாய்த்தது ஒரு விந்தை. 1937இல் மாகாணத் தேர்தல் வந்தது. தமக்குரியதாக எண்ணப்பட்ட பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்துச் சத்தியமூர்த்தி ஒதுங்கினார். ராஜாஜி முதன்மந்திரியானார். பதவி ஏற்பதற்காகப் பல வருஷம் வாதாடிய சத்தியமூர்த்திக்கு மந்திரிசபையில் இடமில்லை. இதைப் பற்றி அக்காலத்திலிருந்து பலவிதமாகப் பேசப்பட்டிருக்கிறது. யாருடைய மனத்தில் என்ன இருந்தது என்று சோதிடம் பார்க்க நாம் விரும்பவில்லை. மனக்கசப்பு இருந்திருந்தாலும் அவர் கட்சியைவிட்டு வெளியேறவில்லை. மந்திரிசபையைக் கவிழ்க்க முயலவில்லை. டில்லியில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம். இன்று ஒரு நாற்காலி தவறினால் ஒரு கட்சி பிறக்கும் காலத்தில் வாழும் நமக்கு இது சற்று வியப்பாகவே தோன்றும்.

மாகாண மந்திரி பதவி கிடைக்காத அவருக்கு நகரத்தின் முதற்பதவி வந்தது. 1939இல் சத்தியமூர்த்தி சென்னையின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சமயத்தின் நிலைமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் உலக யுத்தம் மூண்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்து விட்டதைக் கண்டித்து, அக்டோபர் இறுதியில் ராஜாஜி மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. மாகாண ஆட்சி கவர்னர் கைக்கும் அவருடைய ஆலோசகர்களான அதிகாரிகள் கைக்கும் போயிற்று. ஆக, காங்கிரஸ் கட்சி சர்க்காரோடு உறவு முறித்துக்கொண்ட அந்த மாரிக்காலத்தில், ஒரு காங்கிரஸ்காரர் ரிப்பன் மாளிகையில் மேயர் அங்கி அணிந்து உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் அதிகாரம் எவ்வளவு? சென்னைக் கார்ப்பரேஷன் 1688இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. பழமைக்குத் தக்க அதிகாரம் இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். நிர்வாகமோ சர்க்கார் நியமித்த கமிஷனர் கையில். பெரிய கடன் வாங்குவதற்கும் பெரிய வேலை தொடங்குவதற்கும் கோட்டையின் சம்மதம் வேண்டும். பதவிக் காலமோ ஒரே வருஷம். மேயருக்கு மிஞ்சியிருப்பது ஒரு குரலும் ஒரு மேஜையும்தான். குரல் சத்தியமூர்த்தியினுடையதாயிருந்தது நகரத்தின் பாக்கியம்.

நகரத்தின் அவசரத் தேவை தண்ணீர். ஜீவநதி ஒன்றும் இல்லாத ஊர் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏழு கிணற்றிலிருந்து கோட்டைக்கு நீர் போயிற்று. 1872இல் கொற்றலையாற்றைத் தாமரைப்பாக்கம் அணையில் மறித்து, சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் அமைந்தது. இந்த ஏற்பாடு வகுக்கப்பட்ட காலத்து ஊர் வேறு; 1939இன் ஊர் வேறு. 1931இல் ஆறரை லட்சத்தை எட்டாத ஜனத்தொகை 1941இல் ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிற்று. மழை பொய்த்தால் இரண்டு ஏரிகளும் வற்றும். குழாயில் காற்று வரும். மழை பெய்தாலோ கொற்றலையாறு சில நாட்களுக்குக் கரைபுரண்டு, ஏரிகள் ஏற்க முடியாத வெள்ளத்தையெல்லாம் எண்ணூர்ப் பக்கம் கடலில் கொண்டு கொட்டிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கே கடலில் விழுந்து வீணான பெரியாற்றை 1895இல் மலையிலே மறித்துக் கிழக்கே திருப்பியதனால் அன்றோ கூடலூர் முதல் வீரபாண்டி வரை இருபோகம் விளைகிறது! குச்சனூர்ச் சனீஸ்வரர் கோவிலை ஒட்டி ஓடும் சுரபி நதியில் நீராடும் யாத்திரிகர் தம் ஊருக்குத் திரும்பிச் சென்று அந்த வளத்தைப் பேசுகிறார்கள். அதற்குப் பின்னாலிருந்த எழுத்து வேலையை யாரும் பேசுவதில்லை. அணை கட்டியவர் பென்னிகுவிக் என்று அறிவோம். ஆனால் கல்லை அடுக்குமுன் 1886இல் திருவாங்கூரோடு ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷம் காகிதங்கள் மேஜைக்கு மேஜை அலைய வேண்டியிருந்தது. தண்ணீர் மலையிலிருந்து இறங்குமுன் உத்தரவு மேலிடத்திலிருந்து இறங்கவேண்டும்.

சத்தியமூர்த்தி கையிலெடுத்த வேலை இதுதான். தாமரைப்பாக்கத்துக்கு மேலே, பூண்டியில், கொற்றலையாற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம். வெள்ளக் காலத்தில் பிடித்து வைத்து, வேண்டும்போது ஆற்றிலே விட்டு, தாமரைப்பாக்கத்தில் திருப்பி ஏரிகளுக்கு அனுப்புவது ஏற்பாடு. திட்டம் தீட்டுவது பொறியாளர் வேலை. யுத்தம் நடக்கிறது, பணமில்லை, பிறகு பார்க்கலாம் என்ற பதிலைச் சொல்லவிடாமல் அதற்குச் சம்மதம் வாங்குவது மேயர் வேலை. யாரிடம் வாங்குவது? எந்தக் கவர்னர் ஆட்சியைத் தம் கட்சி ஏற்க மறுத்ததோ அந்த ஆட்சியிடம். இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்வி கூர்மையாக எழுகிறது. ஒத்துழைக்க மாட்டோம் என்று தீர்மானித்த கட்சியின் தலைவர், கோட்டைப் படியேறித் தண்ணீர் கேட்கலாமா?

கேட்கலாம் என்பது மட்டுமல்ல, கேட்கத்தான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அவர் கேட்டது பட்டமல்ல, பதவியல்ல. வரி கொடுக்கும் ஜனங்களுக்கு உரிய நீர். சுயராஜ்யம் வரும் வரையில் தாகம் காத்திருக்காது. கோட்டையில் உள்ளவர் யாராயினும் பணம் ஜனங்களுடையது. இந்தத் தெளிவு அவரிடம் இருந்ததனால், கேட்பதில் கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சர்க்கார் இணங்கியது, 1940இல் பூண்டி வேலை தொடங்கியது.

இந்த வழியில் நடந்தவர் அவர் ஒருவரே என்று நாம் சொல்லவில்லை. வல்லபாய் படேல் அகமதாபாத் நகரசபையில்தான் முதலில் பழகினார். பள்ளிகளைச் சர்க்கார் பிடியிலிருந்து விடுவிக்க முயன்றதற்காக 1922இல் அச்சபையைச் சர்க்கார் கலைத்தது. கல்விக்குச் செலவிட்ட பணத்தைத் தம் கையிலிருந்து கட்டவேண்டுமென்று படேல் உள்ளிட்ட அங்கத்தினர்மீது வழக்கும் தொடுத்தது. வழக்கு நிற்கவில்லை. 1924இல் அதே சபைக்கு அவர் தலைவராகத் திரும்பினார். அவ்வாண்டே கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ் மேயராகவும் சுபாஷ் போஸ் நிர்வாக அதிகாரியாகவும் அமர்ந்தனர். சில மாதத்துக்குள் சுபாஷ் பிடிக்கப்பட்டு மாண்டலே சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். நம் பக்கத்தில் ராஜாஜி சேலத்திலும் ஈ.வெ.ராமசாமியார் ஈரோட்டிலும் நகரசபைத் தலைவராயிருந்துதான் பெரிய அரசியலுக்கு வந்தனர். இதற்கு நேர்மாறாகச் செய்தவர் சத்தியமூர்த்தியின் சீடரே. காமராஜர் சிறையிலிருந்தபோது விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941இல் விடுதலையானதும் தமக்கு வேறு கடமை இருப்பதாகக் கருதி அப்பதவியைத் துறந்தார். குரு நாற்காலியை உபயோகித்தார், சீடர் துறந்தார். இருவரையும் நாம் குறைகூறோம். உட்கார்ந்தவன் வேலை செய்யவேண்டும். செய்ய நேரமில்லாதவன் எழுந்துவிட வேண்டும். இரண்டுமில்லாமல் நாற்காலியை அடைத்துக்கொண்டிருப்பதைத்தான் நாம் ஒப்ப முடியாது.

மேயர் வருஷம் முடிந்தது. 1940ஆம் வருஷமே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குக் காமராஜர் தலைவராக வந்தார். நான்கு வருஷத்துக்கு முன் தமக்குக் காரியதரிசியாயிருந்தவருக்குச் சத்தியமூர்த்தி காரியதரிசியானார்! அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியதைத் தொடர்ந்து, நகரத்தின் முதற்குடிமகனாயிருந்தவர் மறுபடியும் கைதி உடை தரித்தார். பூண்டியில் கரை எழும்பிக்கொண்டிருந்தபோது, அதற்கு உத்தரவு வாங்கியவர் அந்த உத்தரவை அளித்த சர்க்காரின் சிறையிலிருந்தார். சிறை வாழ்வு அவர் உடலைக் கெடுத்தது. அந்தத் தனிமையில் தம் ஒரே மகள் லட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. பாரதத்தையும் ராமாயணத்தையும் ஷேக்ஸ்பியரையும் இசையையும் மகளுக்கு எடுத்துரைக்கும் தகப்பனாரை அவற்றில் காணலாம். சட்டசபையின் சிங்கத்தை அவற்றில் தேட வேண்டாம்.

1942 ஆகஸ்ட் 8ஆம் தேதி பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. அதிலிருந்து சென்னை திரும்பும் வழியில் சத்தியமூர்த்தி பிடிபட்டார். அதே பிரயாணத்தில் காமராஜர் போலீசார் கண்ணில் படாமல் நழுவி, ஜில்லா ஜில்லாவாகச் சென்று செய்தி பரப்பிய பின்பே சிறை புகுந்தார். நோயாளியான சத்தியமூர்த்தியைத் தமிழ்நாட்டுச் சிறையில் வைக்கவும் சர்க்காருக்கு மனமில்லை. மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பினர். அந்த நீண்ட பிரயாணத்தில் அவருடைய முதுகுத் தண்டில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து அவர் எழவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943 மார்ச் 28ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 55.

சட்டம் சம்பந்தமான ஒரு செய்தியை இங்கே குறிக்காமல் விட மனம் வரவில்லை. 1942இல் இந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றி அடைத்து வைக்கச் சர்க்கார் கைக்கொண்டது இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 26ஆம் விதி. சத்தியமூர்த்தி இறந்து 25 நாட்கள் கழித்து, 1943 ஏப்ரல் 22ஆம் தேதி, கேசவ தல்பதே என்பவரின் வழக்கில், சர் மாரிஸ் குவையர் தலைமையில் டில்லிச் சமஷ்டி நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. விதியை இயற்றியவர்களுக்கு மூலச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை விதி மீறிவிட்டது என்பதே காரணம். எந்தச் சொல்லை எதற்காக வைக்கிறார்கள் என்று 1919இல் லண்டனில் கூர்ந்து பார்த்த வக்கீல் உயிரோடிருந்தால் அந்தத் தீர்ப்பை எவ்வளவு ரசித்துப் படித்திருப்பார்! சர்க்கார் சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் பிறப்பித்து ஓட்டையை அடைத்துவிட்டது. சிறைக் கதவுகள் திறக்கவில்லை.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அதன் கொள்ளளவு 2,573 மில்லியன் கனஅடி. திறந்து வைத்தவர் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். அவர் சர்க்காரின் காவலில்தான் அதைக் கேட்டு வாங்கியவர் முந்திய ஆண்டுக்கு முன் கைதியானார். நாடு விடுதலை பெற்றபின் நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வழங்கலாயிற்று. சென்னையில் காங்கிரஸ் கமிட்டியின் கட்டிடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் கரையை உயர்த்திக் கொள்ளளவை 3,231 மில்லியன் கனஅடியாக்கினர். ஆந்திரத்தோடு 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நதி நீர் 1996இல் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அது வந்து தங்கிய இடமும் பூண்டியே.